மகவை இழந்தோர் முன் காவலர்

பெற்ற மகவைப் பறிகொடுக்கும் துயருக்கு நிகரான துயர் பிறிதில்லை. அத்துயரின் முதற்சொல்லைப் பெற்றோரிடம் உரைக்கும் கடமை பல நேரங்களில் காவலர்க்கே வாய்க்கிறது. அச்சொல் எவ்வாறு சொல்லப்பட்டது என்பதைப் பெற்றோர் எளிதில் மறப்பதில்லை.

2012 ஜூலை 25 அன்று, நம் பொழிச்சலூருக்குத் தொலைவிலில்லாத தாம்பரம் முடிச்சூர்ப் பகுதியில், இரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே விழுந்து உயிரிழந்தாள். கொதித்தெழுந்த மக்கள் பேருந்துக்குத் தீயிட்டனர். உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அவ்வாண்டிலேயே பள்ளிப் பேருந்துகளுக்கெனத் தனி விதிகள் வகுக்கப்பட்டன. விதிகள் பிற குழந்தைகளைக் காக்கும். மகவை இழந்து நிற்கும் பெற்றோர்க்குக் காவலர் செய்யத்தக்கது யாது?

முதலாவது, செய்தியை நேரில் சொல்லுதல். தொலைபேசியில் ‘நிலையத்திற்கு வாருங்கள்’ என்று மட்டும் அழைப்பது அறமன்று. இருவராய்ச் சென்று, பெற்றோரை அமரச் செய்து, குழந்தையின் பெயரைச் சொல்லி, இறந்த உண்மையை மறைக்காமல் கூறவேண்டும். ‘பாடி’ என்னும் சொல் அவர்தம் செவியில் விழலாகாது.

இரண்டாவது, நடைமுறையை விளக்குதல். இத்தகைய இறப்புகளில் உடற்கூறாய்வு புலனாய்வின் தேவை. ஆயின், குளிப்பாட்டிக் கஃபனிட்டு விரைந்து நல்லடக்கம் செய்யும் மரபுடைய நம்மவர்க்குக் காத்திருக்கும் ஒவ்வொரு நாழிகையும் நெடிது. ஆய்வு ஏன், எங்கு நடைபெறும், எப்போது முடியும், பிள்ளையின் முகத்தை எப்போது காணலாம் என்பனவற்றைக் காவலர் தாமே சென்று சொன்னால் பெற்றோரின் தவிப்புச் சற்றே தணியும்.

மூன்றாவது, பின்னும் கைவிடாமை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, முதல் தகவல் அறிக்கையின் படியைக் கட்டணமின்றித் தருமாறு 173ஆம் பிரிவிலும், புலனாய்வின் முன்னேற்றத்தை 90 நாள்களுக்குள் தெரிவிக்குமாறு 193ஆம் பிரிவிலும் பணிக்கிறது. இவை சலுகைகள் அல்ல, உரிமைகள். குழந்தையின் புத்தகப்பையும் காலணியும் சான்றுப்பொருளாக எடுக்கப்படின், அவற்றைத் திரும்பப் பெறும் வழியையும் உரைத்தல் வேண்டும்.

இங்கிலாந்தில் 1993இல் கொலையுண்ட ஸ்டீபன் லாரன்ஸ் என்னும் இளைஞரின் பெற்றோரைக் காவல்துறை நடத்திய முறையை, 1999இல் வெளிவந்த மெக்பர்சன் அறிக்கை கண்டித்தது. துயருற்ற குடும்பத்தோடு தொடர்புகொள்ளப் பயிற்சி பெற்ற அலுவலர்கள் வேண்டும் எனவும் பரிந்துரைத்தது. 2022இல் உருவான நம் தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகத்திலும் நிலையத்திற்கு ஒருவர் இவ்வாறு பயிற்றப்படலாம்.

கன்றை இழந்த பசு மணியை அசைத்தபோது, மனுநீதிச் சோழன் தானே வாயிலுக்கு வந்தான் என்பது நாம் போற்றும் கதை. தண்டனையைப் பற்றியே அதில் மிகுதியும் பேசுகிறோம். அவன் இறங்கி வந்ததையும் நினைத்தல் தகும். நம் மாணவருள் சிலர் நாளை காக்கியுடை அணியக்கூடும். அழும் தாயின் வாயிலில் நிற்கும் நாளில் அவர்கள் இதனை மறவாதிருப்பார்களாக.