மேலே அடைத்தால் போதாது!

ரிங்லெட் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்த நான் இப்போது ரேடியோகிராபி படிக்கிறேன். இரத்த ஓட்டத்தைப் பற்றிப் பாடம் நடத்தும்போதெல்லாம் எங்கள் ஊர்க் காய்கறித் தோட்டக் குழாய்கள்தான் நினைவுக்கு வரும். மலையிலிருந்து வேகமாக இறங்கும் நீர், சிறு குழாய்களாகப் பிரிந்து, சொட்டுச் சொட்டாக வேரை நனைக்கிறது. உடலிலும் அப்படித்தான். தமனியில் பாயும் இரத்தம், தந்துகிகளில் வேகம் குறைந்து, ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டுச் சிரை வழியே திரும்புகிறது.

சிலருக்குக் கருவிலேயே இந்த அமைப்பு ஓரிடத்தில் பிசகிவிடுகிறது. தந்துகிகள் இல்லாமல் தமனியும் சிரையும் நேரடியாகப் பின்னிக்கொள்கின்றன. எங்கள் லயத்துத் தம்பி ஒருவனுக்குக் காலில் அப்படியொரு வீக்கம். “மச்சம்தான், போகப் போக மறைஞ்சிடும்” என்று பாட்டி எண்ணெய் தேய்த்து வந்தார். படிவம் 2-இல் அது பெரிதாகி, தொட்டால் சூடாகத் துடித்தது. பருவ வயதில் இது வளர்வது அரிதல்ல.

அந்தத் தமனியைக் கட்டிவிட்டால் தீராதா? தீராது. ஓடையை மேலே அடைத்தால் நீர் வேறு வழி தேடும். அதுபோலச் சுற்றியுள்ள தமனிகள் விரிந்து சிக்கலுக்கு மீண்டும் இரத்தம் தரும். சிகிச்சைக்குப் போகும் பாதையும் அடைபட்டுவிடும். எனவே சிக்கலின் நடுப்பகுதியைத்தான் அடைக்க வேண்டும்.

1953-இல் சுவீடனின் செல்டிங்கர், ஊசி வழியே கம்பியைச் செலுத்தி, அதன்மேல் குழாயை இரத்த நாளத்துக்குள் நுழைக்கும் முறையை வெளியிட்டார். 1960-இல் அமெரிக்காவின் லூசன்ஹாப்பும் ஸ்பென்சும் மூளையில் இருந்த இத்தகைய சிக்கலைச் சிறு பிளாஸ்டிக் உருண்டைகளால் அடைத்ததை அறிவித்தனர். இன்று தொடையிலோ மணிக்கட்டிலோ சிறு துளையிட்டு, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான குழாயைச் செலுத்துகிறார்கள். அதன் வழியே மருத்துவப் பசை, உலோகச் சுருள் அல்லது ஆல்கஹால் செல்கிறது. ஆல்கஹால் வழிதவறினால் தோலும் நரம்பும் பாதிக்கப்படும். பெரும்பாலும் பலமுறை செய்ய வேண்டிவரும். எல்லாருக்கும் முழுமையாகக் குணமாகும் என்றும் சொல்ல முடியாது.

மாணவ நண்பர்களே, பிறவி வீக்கம் சூடாகவோ துடிப்பாகவோ இருந்தால், திடீரென வளர்ந்தால், உருவிவிட வேண்டாம். அரசாங்கக் கிளினிக்குக்குச் சென்று, நிபுணரைப் பார்க்கக் கடிதம் கேளுங்கள். டாப்ளர் ஸ்கேன் ஒன்றே பல கேள்விகளுக்கு விடை தரும்.

உயிரியலோடு இயற்பியலும் பிடித்தவர்களுக்கு இத்துறையில் நல்ல இடமுண்டு. அந்தத் திரைக்குப் பின்னால் மருத்துவர், தாதி, ரேடியோகிராபர் என ஒரு குழுவே நிற்கிறது. எஸ்.பி.எம். முடிக்கும் தம்பி தங்கைகள் இதையும் யோசித்துப் பாருங்கள்.