முழுமையான அன்பும் இலவசமான அருளும்

இறைவனிடத்து முழு உள்ளத்தோடு அன்பு செலுத்துதல் வேண்டும் என்பது மோசேயின் சட்டம் விதித்த கட்டளை. கட்டளைகள் யாவற்றினும் முதன்மையானது அதுவே என்று இயேசு பெருமானும் போதித்தார். ஆயினும், மீட்பு என்பது மனிதன் தன் நற்செயலாற் பெறும் கூலியன்று, திருவருளின் கொடை என்பது புனித பவுலின் போதனை. முழு அன்பையும் கேட்டுவிட்டு, மீட்பை இலவசமாய் வழங்குவது எங்ஙனம் பொருந்தும்?

லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்திலே தலைவன் ஒருவன் வருகின்றான். இளமை முதலே கட்டளைகளைக் கைக்கொண்டவன் அவன். உடைமை யாவும் விற்று ஏழைகட்கு ஈந்து தம்மைப் பின்பற்றுமாறு இயேசு பணித்தபோது, அவன் பெருந்துயருற்றான். ஒழுக்கம் இருந்தது, உள்ளமோ இறைவனுக்கும் செல்வத்துக்குமாகப் பிளவுபட்டிருந்தது. அவ்வாறாயின் மீட்படைவார் யார் என்று கேட்டோர் வினவினர். மனிதரால் ஆகாதது இறைவனால் ஆகும் என்பதே அவர்கள் பெற்ற விடை.

இவ்விடையின் பொருள் குறித்து ஐந்தாம் நூற்றாண்டிலே பெரியதொரு வாதம் எழுந்தது. வட ஆபிரிக்காவின் ஹிப்போ நகர ஆயரான புனித அகுஸ்தீன் (354–430), இறைவன் இடும் கட்டளையை நிறைவேற்றும் ஆற்றலையும் இறைவனே அருளல் வேண்டும் என்ற கருத்துப்பட வேண்டுதல் ஒன்றை எழுதியிருந்தார். அதனை உரோமையிற் கேட்ட பெலாகியுஸ் என்னும் துறவி வெகுண்டார். மனிதன் முயன்றால் இயலாத கட்டளையை இறைவன் இடுவானா? அருளையே நம்பியிருப்பின் முயற்சி தளர்ந்துவிடாதா? இவையே அவர் உள்ளத்து எழுந்த ஐயங்கள். பிளவுபட்ட உள்ளம் தன்னைத் தானே ஒன்றாக்கிக்கொள்ள வல்லதன்று என்றார் அகுஸ்தீன். 418இல் கார்த்தேஜ் நகரிற் கூடிய ஆயர் பேரவை பெலாகியுசின் கொள்கையை மறுத்தது.

ஆயினும் பெலாகியுசின் அச்சத்தைப் புறக்கணித்தல் தகாது. அதற்கு விடையாக, லூக்காவின் 19ஆம் அதிகாரம் வேறொரு செல்வனைக் காட்டுகின்றது. எரிக்கோவின் ஆயக்காரர் தலைவனான சகேயு, மக்களால் வெறுக்கப்பட்டவன். அவன் எதனையும் துறக்குமுன்னரே, அவனுடைய இல்லத்தில் தங்க வேண்டும் என்று இயேசு கூறினார். அதன் பின்னரே அவன் தன் உடைமையிற் பாதியை ஏழைகட்கும், வஞ்சித்துக் கொண்டதனை நான்மடங்காக உரியோர்க்கும் தர முன்வந்தான். கட்டளை கேட்ட தலைவனால் இயலாதது, அருள் பெற்ற சகேயுவுக்கு எளிதாயிற்று.

அருள் மனிதனைச் சோம்பலில் ஆழ்த்துவதன்று என்பதும், அன்பு அருளுக்குச் செலுத்தும் விலையன்று என்பதும் இதனாற் புலப்படும். பதினாறாம் நூற்றாண்டிலே மார்ட்டின் லூதரின் காலத்தில் இக்கோட்பாட்டின் பொருட்டுத் திருச்சபை பிளவுண்டது. 1999 ஒக்டோபர் 31இல், ஜேர்மனியின் ஔக்ஸ்பேர்க் நகரிலே கத்தோலிக்கரும் லூதரன் சபையினரும் கூட்டு அறிக்கையொன்றிற் கைச்சாத்திட்டனர். மீட்பு அருளாலேயே கிட்டுகின்றது. நற்செயல்கள் அதன் கனிகளாகப் பின்தொடர்கின்றன என்று இரு சாராரும் ஒருங்கே ஏற்றனர். மரம் முந்தியது, கனி பிந்தியது. ஆயினும் கனி தாராத மரத்தை எவரும் நல்ல மரம் என்னார்.