போதையும் வீட்டாரும்: மறைப்பதால் வரும் இழப்பு

போதைப்பொருளுக்கு எதிராக நம் ஊர்களில் பேசாத இடமில்லை. ஜும்ஆப் பிரசங்கத்தில் பேசுகிறோம், பாடசாலையில் சுவரொட்டிப் போட்டி வைக்கிறோம். பேச்செல்லாம் பாவிக்கிறவனைப் பற்றியதுதான். அவனோடு ஒரே கூரையின் கீழ் இருக்கிற உம்மாவுக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என்ன நடக்கிறது? இருபது வருடமாகப் பிள்ளைகளின் முகம் பார்த்துப் படிப்பிக்கிறவன் என்ற முறையில், அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் விளக்க விரும்புகிறேன்.

முதலில் குடுவை, அதாவது ஹெரோயினை எடுப்போம். அதற்குப் பழகிய உடம்பு, கடைசியாக எடுத்து 6 முதல் 12 மணித்தியாலத்துக்குள் மறுபடி கேட்கத் தொடங்கும். மூக்கால் நீர் வடியும். எலும்பெல்லாம் உளையும். வயிற்றோட்டம் வரும், நித்திரை வராது. இரண்டாம் மூன்றாம் நாளில் வேதனை உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் ஒரு கிழமையில் தணியும். அந்த ஒரு கிழமையைப் பார்த்துக்கொண்டிருக்க எந்த உம்மாவால் முடியும்? "இண்டைக்கு மட்டுந்தான் மகன்" என்று காசைக் கொடுக்கிறா. நாளைக்கும் அதே வேதனை, அதே காசு. முதலில் கைக்காசு, பிறகு சீட்டுக்காசு, பிறகு கைக்காப்பு அடகுக் கடைக்குப் போகிறது. பெற்ற பாசமே போதைக்குக் காசு கட்டுகிற வழியாவது இப்படித்தான்.

ஐஸ் வேறு மாதிரி. நாட்கணக்கில் நித்திரையில்லாமல் விழித்திருப்பவனுக்குச் சந்தேகம் பிடிக்கும், இல்லாத சத்தமெல்லாம் கேட்கும். அந்தச் சந்தேகம் பல வீடுகளில் மனைவி மேல்தான் முதலில் விழுகிறது. போனைப் பறிப்பான், வாசலைப் பூட்டுவான், கை நீட்டுவான். அவளோ தாய்வீட்டுக்கு வாய் திறக்கமாட்டாள். தங்கச்சிமாரின் கலியாணம் நின்றுபோகும் என்ற பயம்.

இதற்குள் வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை பங்கிடப்பட்டுவிடும். உம்மா மறைக்கிறா, நானா கடன் அடைக்கிறார், வாப்பா பேசுவதையே விட்டுவிடுகிறார். மூத்த மகள் சின்னவர்களுக்கு இரண்டாவது உம்மாவாகிறாள். வகுப்பில் குழப்படி செய்கிற பிள்ளை எங்கள் கண்ணில் உடனே படும். ஒரு சத்தமும் போடாமல், எல்லாருக்கும் உதவி செய்துகொண்டு, பாடசாலை விட்ட பின்னும் வீட்டுக்குப் போக மனமில்லாமல் நிற்கிற பிள்ளை அவ்வளவு இலேசில் படாது. "வீட்ட என்ன புள்ள?" என்று கேட்டால், "ஒண்டுமில்ல சேர்" என்ற பதில் கேள்வி முடியுமுன்னே வரும். சொல்லாமலிருக்கப் பழக்கப்பட்ட பிள்ளை அது.

இந்தப் பழக்கம் பிள்ளைப் பருவத்தோடு போய்விடுவதில்லை. 1998இல் அமெரிக்காவில் ஃபெலிட்டி, அன்டா முதலிய மருத்துவர்கள் 9,000க்கும் மேற்பட்ட வளர்ந்தவர்களிடம் அவர்களின் சிறுவயதைப் பற்றி விசாரித்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அடி, அவமானம், வீட்டில் மது அல்லது போதைப் பாவனை போன்ற கசப்பான அனுபவங்கள் எத்தனை கூடினவோ, அந்த அளவுக்குப் பிற்காலத்தில் மனச்சோர்வும் போதைப் பழக்கமும் தற்கொலை முயற்சியும் கூடுதலாகக் காணப்பட்டன.

நம்மவர்கள் கைக்கொள்ளும் வைத்தியம் ஒன்று உண்டு: "ஒரு கலியாணத்தக் கட்டி வெச்சா சரிவருவான்." இதைவிட அநியாயம் வேறில்லை. பெண் வீட்டாருக்குச் சொல்லாமல் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து, ஏற்கெனவே தாங்க முடியாமல் இருக்கிற வீட்டில் இன்னொரு சுமைதாங்கியாக நிறுத்துகிறோம். பாவனை நிற்பதில்லை. வேதனைப்படுகிறவர்களின் கணக்கில் ஒருத்தி கூடுகிறாள், பிறகு அவளுடைய பிள்ளைகளும்.

இதற்கெல்லாம் நாம் சொல்லும் நியாயம், குறையை மறைப்பது மார்க்கம் என்பது. அடுத்தவரின் குறையைப் பரப்பாதே என்பதுதான் அந்தப் போதனை. நோயை வைத்தியரிடமிருந்து மறை என்றோ, மணப்பெண்ணை ஏமாற்று என்றோ அதற்குப் பொருளில்லை. மது, சூது பற்றிய சூரா மாயிதாவின் 91ஆம் வசனம், அவற்றால் மனிதருக்கிடையே வரும் பகைமையையும் வெறுப்பையும் எடுத்துச் சொல்கிறது. உறவு முறிவது அங்கேயே பேசப்பட்ட விஷயம். நாம் பேச ஏன் வெட்கப்பட வேண்டும்?

பாவிக்கிறவன் நிறுத்திவிட்டால் வீடு தானாகச் சுகமாகிவிடும் என்றும் இல்லை. குடியிலிருந்து மீள்வோருக்கான சங்கத்தை 1935இல் அமெரிக்காவில் தொடங்கியவர்களில் ஒருவர் பில் வில்சன். அவர் குடியை விட்ட பிறகும் தன் மனதில் கோபம் மிஞ்சியிருப்பதை மனைவி லோயிஸ் கண்டார். குடும்பத்தாருக்கும் தனியாக ஆறுதல் வேண்டும் என்று 1951இல் அவரும் சேர்ந்து தொடங்கியதுதான் அல்-அனான்.

வீட்டார் செய்யக்கூடியவை சில. காசாகக் கையில் கொடுக்காதீர்கள். சாப்பாடு கொடுங்கள், சிகிச்சைக்குக் கூடவே போங்கள். போதையில் இருக்கும்போது வாதாடாதீர்கள், தெளிந்திருக்கும்போது பேசுங்கள். பிள்ளைகளிடம், "இது உன்ட பிழையில்ல" என்று வாய்திறந்து சொல்லுங்கள். அடி விழும் வீட்டில் முதலில் பெண்ணும் பிள்ளைகளும் பாதுகாப்பான இடத்துக்குப் போக வேண்டும், புத்தி சொல்வதெல்லாம் பிறகு. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்துக்கு வீட்டாரும் அழைத்து ஆலோசனை கேட்கலாம்.

அயலவர்களுக்கும் பள்ளி நிர்வாகத்தினருக்கும் ஒரு வேண்டுகோள். அப்படியான வீட்டுக்குப் போனால், "மகன் எப்படி?" என்று கேட்க முன், "நீங்க சாப்பிட்டீங்களா, நித்திரை கொண்டீங்களா?" என்று அந்த உம்மாவிடம் கேளுங்கள். அவவை யாரும் அப்படிக் கேட்டு எத்தனை நாளோ.