பூச்சி மோதுவதுபோல் காற்று மோதும் உயரம்

2022 ஜூலை 31, நள்ளிரவு தாண்டி 12.45 மணி. கூச்சிங் வானில் ஒளிக்கீற்றுகள் வரிசையாக நகர்ந்ததைப் பலர் கைப்பேசியில் படம் பிடித்தனர். எரிகல் மழை என்றே சிலர் நினைத்தனர். உண்மையில் அது, ஒரு வாரத்துக்கு முன் சீனா ஏவிய லாங் மார்ச் 5பி ராக்கெட்டின் மையப் பகுதி. எடை 20 டன்னுக்கு மேல். எரிந்தது போக எஞ்சிய சில துண்டுகள் போர்னியோ தீவில் கண்டெடுக்கப்பட்டன.

அது எங்கே விழும் என்று முன்கூட்டியே துல்லியமாகச் சொல்ல முடியாதா?

அதன் வேகம் வினாடிக்குச் சுமார் 7.8 கிலோமீட்டர். கோலா சிலாங்கூரிலிருந்து கூச்சிங் ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். அந்தத் தூரத்தை இரண்டே நிமிடத்தில் கடந்துவிடும். கணிப்பு ஒரு மணி நேரம் பிசகினால், விழும் இடம் 28,000 கிலோமீட்டர் தள்ளிப் போகும். ஆகவே, காற்று அதை எவ்வளவு தடுக்கிறது என்பது நுணுக்கமாகத் தெரிய வேண்டும். சிக்கலே அங்குதான்.

மின்மினிகளைப் பார்க்கக் கம்போங் குவாந்தானில் படகேறியவர்களுக்குத் தெரியும்: படகின் முனை தண்ணீரை விலக்கிக்கொண்டே போகும், நீர் இரு பக்கமும் வழிந்தோடும். நம்மைச் சுற்றியுள்ள காற்றும் அப்படித்தான் ஓடுகிறது. ஆனால் அந்தி நேரத்தில் செம்பனைத் தோட்டத்துச் சாலையில் மோட்டார் சைக்கிளில் வேகமாகப் போனால், பூச்சிகள் விலகி வழிவிடுவதில்லை. ஒவ்வொன்றாகத் தலைக்கவசத்தில் மோதும். 100 கிலோமீட்டருக்கு மேல் காற்று இந்த இரண்டாவது வகை.

கடல் மட்டத்தில் ஒரு காற்று மூலக்கூறு இன்னொன்றில் மோதுவதற்கு முன் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடப் பயணிப்பதில்லை. 80 கிலோமீட்டர் உயரத்தில் அந்த இடைவெளி சில மில்லிமீட்டர். 120 கிலோமீட்டரில் சுமார் 3 மீட்டர். இந்த இடைவெளியைக் கலத்தின் அளவால் வகுத்துக் கிடைப்பது நூட்சன் எண். டென்மார்க் இயற்பியலாளர் மார்ட்டின் நூட்சனின் பெயர் இது. இந்த எண் சிறியதாக இருக்கும்வரை விமானத்துக்குப் பயன்படும் பாய்ம இயக்கச் சமன்பாடுகள் போதும். 0.1-ஐ நெருங்கும்போது அவை தடுமாறும்.

அதற்கு மாற்று வழியை 1960களில் ஆஸ்திரேலியாவின் கிரேம் பேர்ட் உருவாக்கினார். காற்றை ஓடும் பொருளாகக் கருதாமல், கணினிக்குள் துகள்களாகவே பறக்கவிடுவது அவர் முறை. மூலக்கூறுகளோ எண்ணிலடங்காதவை, எனவே ஒரு துகள் கோடானுகோடி மூலக்கூறுகளுக்குப் பிரதிநிதி. வெளியைச் சிறு அறைகளாகப் பிரித்து, துகள்களை ஒரு நொடியின் மிகச் சிறிய பங்குக்கு நகர்த்துவார்கள். பிறகு ஒரே அறையில் உள்ளவற்றில் எந்தெந்த ஜோடி மோதும் என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோல் தேர்ந்தெடுப்பார்கள். இதையே மீண்டும் மீண்டும் செய்து சராசரி எடுத்தால், கலத்தின் மீது விழும் விசையும் வெப்பமும் கிடைக்கும். சூதாட்டத்துக்குப் பெயர்போன மோண்டே கார்லோவின் பெயரும் இம்முறையோடு ஒட்டிக்கொண்டது.

இந்தியாவின் இஸ்ரோ 2014 டிசம்பர் 18-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆளில்லா விண்கூடு ஒன்றைச் சோதித்தது. 126 கிலோமீட்டர் உயரத்தில் ராக்கெட்டிலிருந்து பிரிந்த அது, அந்தமான் அருகே பாராசூட்டில் கடலில் இறங்கியது. கூட்டின் விட்டம் 3.1 மீட்டர். பிரிந்த உயரத்தில் மூலக்கூறுகளுக்கு இடையிலான பயணத் தூரம் கூட்டின் அகலத்தைவிட அதிகம். அங்கிருந்து கீழிறங்கும்போது காற்று ‘பூச்சி’ நிலையிலிருந்து ‘ஆறு’ நிலைக்கு மாறுகிறது. அந்த இடைக்கட்டத்தில் கூடு எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாமல் மனிதரை ஏற்றி அனுப்ப முடியாது.

விண்கூட்டின் வடிவமும், அது பாயும் கோணமும் நமக்குத் தெரியும். அதனால் கணக்கு கைகொடுக்கிறது. கைவிடப்பட்ட ராக்கெட்டோ 30 மீட்டருக்கு மேல் நீளமும் 5 மீட்டர் விட்டமும் கொண்ட குழாய்; கரணமடித்தபடி வருகிறது. பக்கவாட்டில் திரும்பினால், முனையால் பாய்வதைவிட ஏழெட்டு மடங்கு பரப்பு காற்றில் படும். சூரியனின் சீற்றம் கூடினால் மேல்வளிமண்டலமும் சூடாகி விரிந்து, அந்த உயரத்தில் அடர்த்தி ஏறும். அதனால்தான் எச்சரிக்கைகளில் ‘இத்தனை மணி நேரம் முன்பின்’ என்று போடுகிறார்கள். அது அலட்சியம் அல்ல, நேர்மையான கணக்கு.

இதற்கு உறுதியான தீர்வு ராக்கெட்டிலேயே இருக்கிறது. வேலை முடிந்ததும் எஞ்சினை மீண்டும் இயக்கி, ஆளில்லாத பெருங்கடலைப் பார்த்து இறக்கும் வசதியை அதில் வைத்துவிட்டால், நிலநடுக்கோட்டை ஒட்டி வாழும் நம்மைப் போன்றவர்கள் அண்ணாந்து பார்த்து நேரம் எண்ண வேண்டியிருக்காது.