சிறப்புத் தொழிலுக்குப் படிகள் எத்தனை?

ஒரு மேசையைச் சுற்றி நால்வர் ஐவர் அமர்ந்து, ஒவ்வொருவரும் தம்மைக் கற்பனை மாந்தர் ஒருவராகப் பாவித்து, ஆட்டத் தலைவர் சொல்லும் கதையினுட் புகுந்து ஆடும் ஆட்டம் ஒன்றுண்டு. நாடகம் போன்றதாயினும் எழுதி வைத்த உரையாடல் இதில் இல்லை. தாயம்போல் காய் உருட்டப்படினும் பழம் எடுத்து முடிப்பாரும் இல்லை. 1974ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் ஆக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வினத்தின் முன்னோடியாம். இதில் மாந்தர் ஒவ்வொருவர்க்கும் வீரன், மந்திரவாதி என்றாற்போல ஒரு தொழில் உண்டு. இடர்களை வெல்ல வெல்ல அவர் தம் தொழிலில் படிப்படியாக உயர்வர்.

2000ஆம் ஆண்டில் வெளிவந்த மூன்றாம் பதிப்பு, பொதுத் தொழிலில் சில படிகள் ஏறித் தகுதி பெற்றோர் மட்டுமே புகத்தக்க சிறப்புத் தொழில்கள் சிலவற்றைச் சேர்த்தது. ஒருவர் ஏறத்தக்க படிகள் எல்லாம் சேர்ந்து 20; அவற்றுள் சிறப்புத் தொழிலுக்கென 10 படிகள் வகுக்கப்பட்டன. 2003இல் திருத்திய பதிப்பில் 5 படிகளே உடைய சிறப்புத் தொழில்களும் சில தோன்றின. பத்தோ ஐந்தோ, ஆட்டந்தானே என்று நகுவாரும் உளர். அவர் சற்றே கணக்குப் பார்ப்பாராக.

அப்பதிப்பின் விதிப்படி ஒரு படி உயர்வதற்குத் தம் வலிமைக்கொத்த இடர்கள் ஏறக்குறையப் பதின்மூன்றைக் கடத்தல் வேண்டும். மாலையொன்றுக்கு நான்கு இடர்கள் என்று கொள்வோம். ஐந்து படிகள் பொதுத் தொழிலில் நின்று ஆறாவதில் சிறப்புத் தொழிலுட் புகுவோர், அதன் ஐந்தாம் படியை எய்த 117 இடர்கள், அஃதாவது முப்பது மாலைகள் ஆகும். பத்தாம் படியை எய்தவோ 182 இடர்கள், நாற்பத்தாறு மாலைகள். வாரம் ஒருமுறை கூடும் மாணவர் குழு முன்னதை ஒரு கல்வியாண்டிற்குள் முடித்துவிடும். பின்னது முடியுமுன் தேர்வு வந்துவிடும். இறுதி வகுப்பினர் மூட்டை கட்டி ஊர் சேர்வர். பத்தாம் படிக்கென ஆசிரியர் சேமித்து வைத்த வியத்தகு ஆற்றல் ஏட்டளவிலேயே கிடக்கும். எம் விடுதியில் இவ்வாறு நடுவழியில் நின்றுபோன வீரரை எண்ணப் புகின் விரல்கள் போதா.

நாமக்கல் வட்டாரத்தில் லாரித் தொழில் செய்வோரைப் பார்மின். கிளீனராக வண்டியேறிய இளைஞன் இலகு வாகன உரிமம் பெற்று ஓராண்டு கழித்தே, இருபது வயதும் நிரம்பிய பின்னரே, கனரக வண்டியின் உரிமத்திற்கு முயலலாம். அவனே எரிவாயு டாங்கர் ஓட்ட விரும்பின், தனிப்பயிற்சி பெற்று உரிமத்திலும் அதற்கெனக் குறிப்பு ஏற்றிக்கொள்ளல் வேண்டும். சிறப்புத் தொழில் என்பது இதுவே! இதற்கு உரிமத்திற் குறிக்கும் படி ஒன்றுதான். வாயில் கடியது, உள்ளே படிகள் சில.

இனிப் படிகளின் உள்ளீட்டைக் காண்போம். மறைந்திருந்து கொல்வோன் என்னும் பத்துப்படித் தொழிலில், அதற்கே உரிய கொலைத்திறன் முதற் படியிலேயே கைவந்துவிடுகிறது. பின்னுள்ளவற்றிற் பெரும்பாலன தாக்கும் வலிமையையும் நஞ்சைத் தாங்கும் உரத்தையும் சிறிது சிறிதாகக் கூட்டுவனவே. ஐந்து படிகளேயுள்ள பெருமந்திரவாதியோ படிதோறும் ஓர் அரிய வித்தையைத் தானே தேர்ந்துகொள்கிறான். அதற்கு விலையாகத் தன்னிடமுள்ள மந்திர வாய்ப்பொன்றை இழக்கவும் வேண்டும். ஒன்றைப் பெற ஒன்றை விடும் இம்முறையால் ஒவ்வொரு படியும் ஆடுவோரைச் சிந்திக்க வைக்கிறது. படிகள் பல இருந்தால்தானே வளர்ச்சி சுவைக்கும் என்று நண்பர் சிலர் வாதிப்பர். நூல்வல்லோன் என்னும் தொழிலைப் பொறுத்தவரை அதனை ஒருவாறு ஒப்புவோம். அதன் பத்துப் படிகளில் ஐந்து மறைபொருள்களும், நான்காம் எட்டாம் படிகளில் ஒவ்வொரு புதுமொழியும் கிடைக்கின்றன. (தேர்வுக்கு முதல்நாள் இரவு அப்படிகளை விரும்பாத தமிழ் மாணவர் யார்?) தருவதற்கு இத்துணை இருப்பின் பத்தும் தகும், இல்லையேல் ஐந்தே அமையும்.

இக்கருத்தை ஆய்ந்துபார்க்கக் கொல்லிமலை மூலிகையோன் என்றொரு சிறப்புத் தொழிலை எம் குழுவிற்கென யாமே வகுத்தோம். பொதுத் தொழிலில் ஐந்து படிகள் ஏறி, கதையில் ஒரு மழைக்காலம் முழுவதும் மலையில் தங்கியவனே இதிற் புகலாம். முதற் படியில் பச்சிலையை மணத்தால் அறிவான். இரண்டாவதில் போர்க்களத்திலேயே புண்ணாற்றுவான். மூன்றாவதில் நஞ்சு முறிப்பான். நான்காவதில் தடமில்லாக் காட்டினுள்ளும் தோழரை வழிநடத்துவான். ஐந்தாவதில், சாகக் கிடப்பானை ஒரு முறை மட்டும் மீட்கும் குடிநீர் காய்ச்சுவான். ஆறாவதற்கு என்ன கொடுப்பதென்று இரண்டு மாலைகள் எண்ணிப் பார்த்தோம். ஆற்றும் புண்ணின் அளவைக் கூட்டலாம் என்றார் ஒருவர். குடிநீரை இருமுறை காய்ச்சலாம் என்றார் மற்றொருவர். புதிதாக ஒன்றும் தோன்றாமையின் ஐந்தோடு நிறுத்தினோம்.