வன்னியின் பேய்த்தலங்கள்: ஒரு பயணத் திட்டத்தையொட்டிய குறிப்புகள்

வன்னிப் பெருநிலப்பரப்பிலே பேயும் முனியும் உலாவுவதாகச் சொல்லப்படும் இடங்களை வாகனமொன்றிற் சென்று பார்ப்பதற்குப் பயணத் திட்டமொன்று வகுத்துத் தரும்படி எமது மாணவர் சிலர் அண்மையில் எம்மைக் கேட்டனர். மூன்று நாட்கள், வாடகைக்கு எடுத்த ஒரு வான், தங்குமிடம், அவர்களுள் ஒருவரான மாணவியின் உருத்திரபுரத்து வீடு. இடங்களின் பட்டியலொன்றையும் அவர்கள் கொண்டுவந்திருந்தனர். முறிகண்டி, இரணைமடு அலைகரை, புளியம்பொக்கணை, வற்றாப்பளை என்று செல்லும் அப்பட்டியலின் கடைசி வரியில் "முள்ளிவாய்க்கால் - இரவில்" என எழுதப்பட்டிருந்தது. முன்னைய நான்கையும் வாசித்து முறுவலித்த நாம் ஐந்தாவதிலே தரித்து நின்றுவிட்டோம். அந்த ஒரு வரியே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

இத்தகைய பயணங்கள் மேனாடுகளில் ஒரு தொழிலாகவே வளர்ந்துள்ளன. ஸ்கொத்லாந்தின் நெஸ் ஏரியில் விசித்திரப் பிராணியொன்று வாழ்கிறது என்ற செய்தி பத்திரிகைகளிற் பரபரப்பாகப் பரவியது 1933 இலாகும். அவ்வேரியின் வடகரையோரமாகப் புதிய மோட்டார் வீதி அமைக்கப்பட்டதும் அக்காலத்திலேயே. வீதி வந்தது, பார்வையாளர் வந்தனர், பார்க்கப்பட வேண்டிய பிராணியும் வந்தது. 1934 இல் வெளியாகி உலகப் புகழ்பெற்ற அதன் ஒளிப்படம் மோசடி என்பது 1994 இல் வெளிப்பட்ட பின்னரும் வியாபாரம் குன்றவில்லை. இதிலே எவருக்கும் பெருந் தீங்கில்லை எனலாம். ஆனால் அமெரிக்காவின் மேற்கு வெர்ஜீனியாவிலுள்ள பொயின்ற் பிளெசன்ற் என்னும் சிற்றூரின் கதை வேறு. 1966 இல் அங்கே சிறகுடைய மனித உருவொன்று காணப்பட்டதாகப் பேச்செழுந்தது. 1967 டிசம்பர் 15 இல் அவ்வூரின் பாலம் இடிந்து 46 பேர் மாண்டனர். பாலத்தைத் தாங்கிய எஃகுச் சட்டமொன்றில் இருந்த வெடிப்பே காரணமென விசாரணை கண்டது. எனினும் 2002 முதல் ஆண்டுதோறும் அங்கு விழா எடுக்கப்படுவது அச்சிறகு மனிதனுக்கே. சாவுக்குக் காரணமான எஃகும் பராமரிப்பும் மறைய, விற்பனைக்குரிய பூதம் நிலைத்துவிட்டது. பேயை அதனைப் பெற்றெடுத்த சாவிலிருந்து பிரித்தெடுத்தாலன்றி அது பண்டமாவதில்லை என்பதை இவ்வுதாரணம் தெளிவாக்குகின்றது.

வன்னிக்கு வருவோம். வன்னியிலே பேய்கள் கண்ட கண்ட இடத்தில் உறைவதில்லை. துருசடி, அலைகரை, சூட்டுக்களம், காட்டுவழி, மகப்பேறு நிகழ்ந்த மனை ஆகியனவே அவற்றின் இருப்பிடங்கள். இவை யாவும் உழைப்பு நிகழும் இடங்கள், அல்லது உழைப்பிலே உயிராபத்து நேரும் இடங்கள் என்பது மனங்கொள்ளத்தக்கது. ஆகவே எமது பயணம் கதைகளின் வழியாக அன்றி நீரின் வழியாக அமைய வேண்டுமென மாணவர்க்குக் கூறினோம்.

கிளிநொச்சி நகருக்கு வடமேற்கே அமைந்துள்ள உருத்திரபுரம் அதற்குப் பொருத்தமான தொடக்கமாகும். கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுவில் குளமொன்று கட்டுவதற்கு 1885 இல் திட்டம் வரைந்தவர் ஹென்றி பாக்கர் என்ற நீர்ப்பாசனப் பொறியியலாளர். 1902 இல் தொடங்கிய வேலை 1920களின் தொடக்கத்திலேயே நிறைவெய்திற்று. இலங்கையின் கிராமியக் கதைகளை மூன்று பெருந் தொகுதிகளாக 1910 தொடக்கம் 1914 வரையில் வெளியிட்டவரும், குளங்களையும் காட்டையும் காக்கும் ஐயனார் வழிபாட்டைப் பற்றி 1909 இல் வெளியான தமது நூலில் எழுதியவரும் இதே பாக்கர்தான். குளத்தை அளந்தவரே குளக்கட்டுத் தெய்வத்தையும் எழுதிவைத்தார் என்பது வெறும் தற்செயலன்று. ஏகாதிபத்திய நிருவாகத்துக்கு நிலத்தின் மட்டமும் வேண்டியிருந்தது, அந்நிலத்து மக்களின் மனமும் வேண்டியிருந்தது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சனநெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிக்கும் நோக்குடன் 1936 இல் கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டம் தொடங்கப்பெற்றது. அத்தொடரில் எழுந்த ஊர்களுள் ஒன்றே உருத்திரபுரம். இங்கே இன்றும் பகுதிகள் டி 8, டி 10 என வாய்க்கால் இலக்கத்தாற் சுட்டப்படுகின்றன. அதேவேளை கூழாவடி, எள்ளுக்காடு என மரத்தாலும் பயிராலும் பெயர்பெற்ற இடங்களும் அருகருகே உள்ளன. பொறியியலாளன் இட்ட இலக்கத்தின்மீது உழவன் தன் பெயரை ஏற்றினான். அவ்வாறு பெயரேற்றும் முயற்சியின் ஒரு பகுதியாகவே மரத்தடி முனியையும் வைரவரையும் நாம் காணவேண்டும். பழைய சிவாலயமொன்றும் இவ்வூரில் உண்டு. 2021 மார்ச்சில் அதன் வளவில் தொல்லியல் திணைக்களம் அகழ்வுக்கு முனைந்தபோது ஊரார் திரண்டு எதிர்த்தனர். இடிபாடு யாருடையது என்ற வினா பேய்க்கதையைவிட அச்சந் தருவதாகிவிட்ட நாடு இது.

முதற் குடியேறிகளின் அச்சங்கள் மிகவும் பருண்மையானவை. காடு வெட்டியவனைக் காய்ச்சல் வீழ்த்தியது. மலேரியாவின் நடுக்கமும் பிதற்றலும் முனி அடித்ததாகப் பொருள்கொள்ளப்பட்டதில் வியப்பில்லை. உச்சிப்பொழுதில் தனியே காட்டோரம் போகாதே என்ற விலக்கு, வெயிலிலும் தாகத்திலும் மயங்கி வீழ்ந்தோரின் அனுபவத்தைத் தன்னுள் வைத்திருந்தது. 1940களின் இறுதியில் டி.டி.ரி. தெளிப்பு மலேரியாவைப் பெருமளவு தணித்தது. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. காய்ச்சல் போனதும் முனியின் கோபமும் தணிந்துவிட்டது என்று முதியோர் சிலர் நகைச்சுவையாகச் சொல்வதுண்டு. இரவிலே நீர் தேங்கிய வெளியிற் காணப்படும் கொள்ளிவாய்ப் பேயைச் சதுப்பிலிருந்து எழும் வாயுக்களின் எரிவு என்று பாடநூல்கள் விளக்குகின்றன. அவ்விளக்கம் சரியாகவே இருக்கட்டும். பன்றியும் யானையும் வருமென்று காவற்கொட்டிலில் விழித்திருந்த மனிதனுக்கு அவ்வெளிச்சம் ஏன் ஒரு வாயாக, அதுவும் பசித்த வாயாகத் தெரிந்தது என்பதை வாயு விளக்காது.

இவ்விடத்திற் சூட்டுக்களத்தைப் பற்றிச் சற்று விரிவாக நோக்குதல் தகும். களத்திலே நெல்லை நெல் என்று சொல்லலாகாது. பொலி என்றே சொல்லவேண்டும். ஏனைய பொருட்களுக்கும் களத்துக்கென்றே தனிச்சொற்கள் வழங்கின. உண்மைப் பெயரைக் கேட்டால் பூதங்கள் வந்து விளைவை அள்ளிச் சென்றுவிடும் என்பது நம்பிக்கை. கிழக்கிலும் வன்னியிலும் சிங்களக் கிராமங்களிலும் இவ்வழக்கம் காணப்பட்டமை இதன் அடி மொழியிலோ மதத்திலோ அன்றி உற்பத்தியிலேயே உள்ளது என்பதைக் காட்டும். களத்துக்கு வந்து விளைவை உண்மையில் அள்ளிச் சென்றவர் யார்? 1892 இல் ஒழிக்கப்படும்வரை இலங்கை உழவனை நெல்வரி வருத்தியது. வரி கட்டத் தவறியோரின் காணிகள் ஏலத்தில் விற்கப்பட்டன. வரிக் குத்தகைக்காரன், விதைநெல் கடன் கொடுத்தவன், குத்தகைப் பங்கு கேட்கும் காணிக்காரன் என ஒருவர்பின் ஒருவராகக் களத்தடிக்கு வந்தனர். விளைவின் அளவை அறிவிக்காமல் இருப்பது உழவனுக்கு இன்றியமையாத தற்காப்பாயிற்று. பூதத்துக்கு அஞ்சிய மொழியும் குத்தகைக்காரனுக்கு அஞ்சிய மொழியும் ஒன்றுதான் என நாம் அறுதியிட்டுரைக்க வரவில்லை. வழக்கம் நெல்வரியிலும் பழமையானதாகலாம். ஆயின் அது நீடித்து வாழ்ந்தமைக்கு அச்சுரண்டல் துணைநின்றது எனக் கொள்ளல் பொருந்தும். கொலம்பியாவின் கரும்புத் தோட்டக் கூலிகள் தம்மிடையே அதிகம் உழைப்பவன் பிசாசோடு ஒப்பந்தம் செய்தவன் என நம்பியதை மைக்கல் ரௌசிக் 1980 இல் வெளியான நூலொன்றில் ஆராய்ந்துள்ளார். கூலி உழைப்புக்குப் புதிதாகத் தள்ளப்பட்ட மக்கள் அவ்வுறவின் இயல்பற்ற தன்மையைப் பிசாசின் வடிவிலே கண்டனர் என்பது அவர் கருத்து. எமது களத்துப் பூதத்தை அதனோடு ஒப்பிட்டு ஆராய்வதற்கு இடமுண்டு.

இன்னொரு வகைப் பேயும் உண்டு. அது வீழ்த்தப்பட்ட தெய்வம். மகப்பேற்றோடு தொடர்புற்றிருந்த கொத்தி, மருத்துவிச்சியும் ஏழைப் பெண்களும் படையலிட்டு மதித்த ஒரு பெண் சக்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆகமஞ் சார்ந்த சைவம் மேலோங்கியபோது ஒடுக்கப்பட்டோரின் தெய்வங்கள் இரு கதிக்குள்ளாயின. அண்ணமார் போன்ற சில, பிள்ளையாராகவும் பிறவாகவும் பெயர்மாறிக் கோயில் பெற்றன. பெயர்மாற இயலாத கொத்தி பேயாகி, பிள்ளைகளைப் பயமுறுத்தும் சொல்லாகவும் வசைச்சொல்லாகவும் எஞ்சிற்று. மலையகத்திலோ எதிர்மாறாக உழைப்பிலிருந்து புதிய தெய்வங்கள் பிறந்தன. தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரத்துக்கு ரோத முனி, கொழுந்துச் செடியைக் கவ்வாத்து வெட்டும் வேலைக்குக் கவ்வாத்துச் சாமி. 1977 வன்செயலை அடுத்து மலையக மக்கள் பெருந்தொகையாக வன்னிக்கு வந்தபோது தம் தெய்வங்களையும் உடன்கொணர்ந்தனர். கிளிநொச்சியின் வாய்க்காற் கரைகளில் முனியாண்டியும் மாடசாமியும் ஐயனாரோடு அயலவராயினர். மனிதரோ அவ்வாறு உடனடியாக அயலவராக ஏற்கப்படவில்லை. காணியற்ற கூலிகளாக அவர்கள் அனுபவித்த இழிவை எந்தப் பேய்ப்பட்டியலிலும் காணமுடியாது.

வழியிலுள்ள தலங்களை இப்பின்னணியிலேயே நோக்குதல் வேண்டும். ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நில்லாமற் செல்லும் சாரதி அரிது. தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கிக்கொண்டுதான் பயணம். யானைக் காட்டினூடாக நெடுவழி சென்ற வண்டிக்காரரின் அச்சமும், ஓரிடத்திற் கூடி இளைப்பாறும் தேவையும் அங்கே வழிபாடாகியுள்ளன. யானை என்றவுடன் வேலப்பணிக்கன் மனைவி அரியாத்தையின் கதையை நினையாதிருக்க இயலாது. கணவனால் இயலாதுபோன மதயானையை அடக்கிப் பிடித்த அப்பெண், பொறாமையாளரால் நஞ்சூட்டப்பட்டு மாண்டாள் என முல்லைத்தீவுப் பகுதி ஒப்பாரி கூறும். போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் வன்னியர் யானைகளைத் திறையாகச் செலுத்தினர். அந்த யானையைக் காட்டிற் சென்று பிடித்தவன் பணிக்கன். திறையின் சுமை கடைசியில் எவர் தலையில் இறங்கியது என்பதை அவ்வொப்பாரி மறக்கவில்லை.

புளியம்பொக்கணை நாகதம்பிரானிடம் உழவர் பொங்கலிடுவது பாம்பு நடமாடும் வயலில் வெறுங்காலுடன் இறங்குவோரின் நேர்த்தி. நந்திக்கடலோரத்து வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலின்போது கடல்நீரிலே விளக்கெரிகிறது. மதுரையை எரித்த கண்ணகி ஒரு முதியவளாக வந்து இடைச் சிறுவரிடையே தங்கினாள் என்றும், அவள் தலையைப் பார்த்த சிறுவர் அங்கே எண்ணற்ற கண்களைக் கண்டனர் என்றும் அத்தலத்தின் கதை கூறும். விசாரணையின்றிக் கொல்லப்பட்டவனின் மனைவி, கொலைக்குக் கணக்குக் கேட்டவள், இந்த நிலத்தில் வந்து இளைப்பாறினாள் என மக்கள் நம்பினர்.

வற்றாப்பளையிலிருந்து முள்ளிவாய்க்கால் நெடுந்தூரமன்று. 2009 மே மாதத்தில் நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட அச்சிறு மணற்பரப்பில் நிகழ்ந்தவற்றை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. அதன்பின் வன்னிக்குச் சுற்றுலா வந்தது. கிளிநொச்சியில் வீழ்ந்து கிடந்த நீர்த்தாங்கி காட்சிப் பொருளாயிற்று, அருகே நினைவுப்பொருட் கடையும் திறக்கப்பட்டது. புதுக்குடியிருப்பில் நிலத்தடி வீடொன்றைப் பார்க்கத் தென்னிலங்கையிலிருந்து பஸ் பஸ்ஸாக மக்கள் வந்தனர். அது 2013 ஒக்ரோபரிலே தகர்க்கப்பட்டது. உருத்திரபுரத்துக்கு அண்மையிலுள்ள கனகபுரத்துத் துயிலுமில்லமோ அதற்கு முன்னரே சிதைக்கப்பட்டிருந்தது. பார்க்கத்தக்க இறந்தோரும் பார்க்கத்தகாத இறந்தோரும் என்ற பாகுபாட்டை இவ்வாறு அரசு வகுத்தது. எமது மாணவரின் பட்டியல், தன்னை அறியாமலே, அப்பாகுபாட்டின் வேறொரு வடிவத்தை ஏற்றுக்கொண்டிருந்தது.

கலிங்கத்துப் பரணியிலே பேய்கள் போர்க்களத்திற் கூழ் அடுகின்றன, உண்கின்றன, வென்ற சோழனை வாழ்த்துகின்றன. வெற்றியின் இலக்கியத்துக்குப் பேய்கள் வேண்டும். இறந்தோர் பெயரற்ற ஊனாக அங்கே கிடத்தல் வேண்டும். முள்ளிவாய்க்காலிற் கஞ்சி காய்ச்சியவை பேய்களல்ல. குண்டுகளுக்கிடையே அரிசியும் உப்பும் நீரும் சேர்த்துக் குடித்து உயிர்தாங்கிய மனிதர் அவர்கள். அக்கஞ்சியே இன்று ஆண்டுதோறும் மே மாதத்திற் பகிரப்படுகின்றது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியிலே தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். அவர்கள் தம் பிள்ளைகளை இறந்தோர் என ஏற்க மறுத்து நிற்பவர்கள். 2023 யூனில் கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய் பதிக்கத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. குளத்தில் தொடங்கி வாய்க்கால்வழி சென்ற எமது பாதை இவ்வாறு ஒரு புதைகுழியருகே வந்து நிற்கின்றது. இவர்களது இருப்பையும் இன்மையையும் அமானுஷ்யம் என்ற சொல்லால் அழைப்பது, பொயின்ற் பிளெசன்றில் எஃகுக்குப் பதிலாகச் சிறகு மனிதனை வைத்த அதே செயலாகும்.

இவற்றையெல்லாம் நாம் மாணவரிடம் விரித்துரைத்தபோது, உருத்திரபுரத்து மாணவி அதுவரை பேசாதிருந்தவர், "அங்கை பேய் இல்லை சேர், எங்கடை மாமா இருக்கிறார்" என்றார். அந்த வரியைப் பட்டியலில் எழுதியவர் தாமல்லர் என்பதையும் அவர் சொல்லவில்லை. எழுதியவரே எழுந்து அதனை வெட்டினார்.

திட்டம் இப்பொழுது இவ்வாறு அமைந்துள்ளது. முதல் நாள் காலையில் இரணைமடுத் துருசடியிலிருந்து வாய்க்கால் வழியே உருத்திரபுரம்வரை. வானை முன்னே அனுப்பிவிட்டு இயன்றவரை நடந்தே செல்வது. மாலையில் களத்துச் சொற்களை அறிந்த முதியோருடன் உரையாடல். ஒலிப்பதிவுக் கருவியை அவர்களிடம் கேட்ட பின்னரே வெளியில் எடுப்பது. இரண்டாம் நாள் முறிகண்டியும் புளியம்பொக்கணையும். மூன்றாம் நாள் வற்றாப்பளை. முள்ளிவாய்க்காலுக்குப் போவதா இல்லையா என்பதை அந்த மாணவியின் வீட்டாரே தீர்மானிப்பர். போவதாயின் பகலில், அவர்களோடு, அவர்கள் கொண்டுவரும் பூக்களோடு போவோம்.