சிப்பைப் பழிக்கும் முன்

கொமடோர் நிறுவனம் 1990-இல் வெளியிட்ட அமிகா 3000 கணினியில், ஹார்ட் டிஸ்க்கை இயக்கும் ஸ்கஸி கன்ட்ரோலர் மதர்போர்டிலேயே இருந்தது. இன்று அதை உயிர்ப்பிப்பவர்கள், கோப்பைப் படிக்கும்போதே கணினி உறைந்துவிட்டால் கன்ட்ரோலர் சிப்பைத்தான் முதலில் சந்தேகிக்கிறார்கள். அவசரத் தீர்ப்பு அது. ஸ்கஸி கேபிளின் இரு முனைகளிலும் டெர்மினேட்டர் என்ற மின்தடைத் தொகுப்பு இருக்க வேண்டும். ஒரு முனையில் இல்லாவிட்டாலும் சிக்னல், சுவரில் பட்ட குரல்போலத் திரும்பி வந்து அடுத்த சிக்னலைக் குழப்பும். சிறிய கோப்புகள் தப்பிவிடலாம், பெரியவை மாட்டிக்கொள்ளும். டெர்மினேட்டருக்குச் செல்லும் 5 வோல்ட் மின்சாரம் தளர்ந்தாலும் இதே கதிதான். பழைய டிஸ்க்கைக் கழற்றி மெமரி கார்டு கருவியைப் பொருத்துகிறோம்; டிஸ்க்கோடு அதிலிருந்த டெர்மினேட்டரும் போய்விடுகிறது. இதை எளிதில் மறந்துவிடுவோம்.

அந்தக் கன்ட்ரோலரான டபிள்யூடி33சி93 சிப்பின் தொடக்கப் பதிப்புகளிலேயே குறை இருந்ததே என்று கேட்கலாம். உண்மைதான்; 08 என்று முடியும் பதிப்பைப் பலரும் பரிந்துரைப்பது அதனால்தான். ஆனால் டெர்மினேட்டர் இல்லாத கேபிளில் புதிய சிப்பும் தடுமாறும். டெர்மினேட்டருக்கு வரும் மின்சாரத்தை அளக்க ஒரு மல்டிமீட்டர் போதும், செலவு இல்லை. சிப்புக்குப் பணம் அனுப்புமுன் கேபிளின் இரு முனைகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.